சிறிய எழுத்தில் ஒரு பெயர்

மருத்துவச் சீட்டு இல்லாமல் கிடைத்துவிடும் மருந்துகளிடம் நமக்கு அச்சம் இருப்பதில்லை. 'வெறும் காய்ச்சல் மாத்திரைதானே' என்கிறோம். அந்த 'வெறும்' என்ற சொல்லைப் பற்றியே நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் க்ரோசின், கால்போல், டோலோ எனப் பல பெயர்கள் உண்டு. மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் சூட்டிய பெயர். மருந்தின் பெயர் பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஒதுங்கி நிற்கும். சளிக்கென விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாரசிட்டமால்தான். மூட்டுவலிக்காக 650 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கும் அம்மா, சளிக்கென 500 மில்லிகிராம் கலந்த வேறொன்றை நான்கு முறை உட்கொண்டால் மொத்தம் 3950 ஆகிவிடும். உடல்நலமுள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4000. எடை குறைந்த முதியவருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் அதனினும் குறைவு. இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து என்று அம்மா நினைத்திருப்பார். கல்லீரலுக்கு இரண்டும் ஒரே கணக்கு.

அளவு மீறினாலும் முதல் நாள் உடல் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கக்கூடும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாகக் காக்கும். எனவே, 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

குழந்தைகளிடம் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கே 120 அல்லது 250. சொட்டு மருந்தை சிரப் என்று எண்ணி ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150க்கு மேல் தேவையில்லை.

கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதி நாளும் அவரிடமே தங்கிவிடுவதுண்டு. அவ்விரண்டும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குகிறோம். கிடைக்காவிட்டால் உறையின்மேல் எழுதித் தரச் சொல்கிறோம். அம்மாவுக்காக அந்தச் சின்னப் பெயரை இப்போது பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறோம். புதிய மாத்திரை எதுவானாலும், 'இதிலும் பாரசிட்டமால் இருக்கிறதா?' என்று அவரே முதலில் கேட்கிறார்.