பழுது காணும் பழக்கம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தவர் வாயில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. உத்தியோகம் என்பது ஒருமுறை ஏறி, தலை நரைத்தபின் ஓய்வூதியத்துடன் இறங்கும் வண்டி என்ற எண்ணம் அதனுள் அடங்கிக் கிடக்கிறது. இடைவழியில் இறங்கி வேறு வண்டி ஏறுபவனை 'ஐயோ பாவம்' என்று நோக்குவதே எம்மவர் வழக்கம். ஆயின், இடைவழியில் இறங்குவதையே இயல்பாகக் கொண்ட உத்தியோகம் ஒன்றும் உலகில் உண்டு. அதுவே படைச்சேவை. அமெரிக்கப் படைகளில் இருபது ஆண்டு பணிபுரிந்தோர் ஓய்வூதியம் பெறுவர். பதினெட்டு வயதிற் சேர்ந்தவன் முப்பத்தெட்டு வயதில் வெளியே வந்து நிற்பான். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் தலைமேல் ஏறும் பருவம் அது. அவ்வயதில் ஒருவன் மீண்டும் முதலாம் வகுப்பு மாணவனாக வேண்டுமாயின், அவன் கொண்டுசெல்லக்கூடியது யாது? விட்டுச்செல்ல வேண்டியது யாது?

இவ்வினாவை எம் மனத்தில் எழுப்பியவர், ஐக்கிய அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் எம் தங்கையின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். சான் டியேகோ கடற்படைக்குப் பேர்போன துறைமுக நகர். எம் அயலவரும் கடற்படையில் இருபது ஆண்டு பணியாற்றி, 2012இல் விலகியவர். மாலை வேளைகளில் வேலியோரம் நின்று உரையாடத் தொடங்கிய நாம் பின்னர் அவருடைய முற்றத்திலேயே அமர்ந்து பேசலானோம். பௌதிகவியல் கற்பிப்பவர் என்று எம்மைத் தங்கை அறிமுகஞ் செய்துவைத்தது அதற்குத் துணையாயிற்று.

அவர் செய்த தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'ஏவியோனிக்ஸ்' என்று பெயர். விமானத்தின் றேடார், வானொலித் தொடர்பு, வழிகாட்டுங் கருவி, கணினி ஆகிய இலத்திரனியற் கருவிகள் அனைத்தும் அதனுள் அடங்கும். விமானந்தாங்கிக் கப்பலொன்றில் 'ஹோர்னெற்' போர் விமானங்களின் கருவிகளைத் திருத்துவது அவர் கடமை. விமானி இறங்கிவந்து, "வலப்பக்கந் திரும்புகையில் றேடார் மங்குகிறது" என்பார். மேற்றளத்தில் உள்ளோர் குறித்த பெட்டியைக் கழற்றி வேறொன்று பூட்டுவர். கழற்றிய பெட்டி கீழ்த்தளத்துப் பட்டறைக்கு வரும். அங்கே வரைபடத்தை விரித்துவைத்து, எந்தச் சுற்றுப்பலகையில் எந்த உறுப்புப் பிழைத்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. செய்தவர் கையொப்பமிடுவார், வேறொருவர் சோதித்துத் தாமும் கையொப்பமிடுவார். வேலைக்கு முன்னும் பின்னும் கருவிகளை எண்ணுவர். ஒரு சிறு கருவி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை தேடுவர்; விமானத்துள் மறந்துவிடப்பட்ட இரும்புத்துண்டு ஒரு விமானியின் உயிரைக் குடிக்கவல்லது அன்றோ!

இத்தகைய ஒருவருக்கு விமான நிறுவனங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும் என்றே நாம் எண்ணினோம். அவ்வாறு நிகழவில்லை. அமெரிக்காவில் விமானத் திருத்துநருக்கான அரசாங்கச் சான்றிதழ் இரு பிரிவினது: ஒன்று விமான உடற்பகுதிக்கு, மற்றையது எஞ்சினுக்கு. வேலை அனுபவத்தைக் காட்டி ஒரு பிரிவுக்குத் தோற்றுவதாயின் 18 மாத அனுபவமும், இரண்டுக்குஞ் சேர்த்தாயின் 30 மாத அனுபவமும் வேண்டும். அதன்மேல் எழுத்து, வாய்மொழி, செய்முறைப் பரீட்சைகள். ஐரோப்பாவில் விமான இலத்திரனியலுக்கென 'பி-2' என்னும் தனி அனுமதிப்பத்திரம் உண்டு. அமெரிக்கச் சான்றிதழில் அத்தகைய பிரிவு இல்லை. எம் அயலவர் இருபது ஆண்டு உழைத்தவரே. ஆனால் சக்கரம், இறக்கை, எஞ்சின் ஆகியவற்றிற் கைவைத்தவர் அல்லர். ஆகவே அவருடைய இருபது ஆண்டு, சட்டம் கேட்ட முப்பது மாதமாகவில்லை.

இலத்திரனியற் கருவிகளை மட்டுந் திருத்தும் நிலையங்களும் அங்கு உண்டு. அவற்றுக்கும் விண்ணப்பித்தார். பல இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. ஒருநாள் அவர் மனைவி அவ்விண்ணப்பத்தை எடுத்து வாசித்துவிட்டு, "பதினைந்து வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தினேன். இதை வாசித்தால் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று எனக்கே விளங்கவில்லை" என்றாராம். ஒவ்வொரு வரியிலும் படைத்துறைச் சுருக்கெழுத்துகள். பட்டறையின் பெயர் மூன்றெழுத்து, பதவியின் பெயர் இரண்டெழுத்து. கடற்படையில் அவ்வெழுத்துகளே அவருக்கு முடியாக இருந்தன. வெளியுலகில் அவை எவருக்கும் தெரியாத மொழியாயின.

இம்மொழி வேற்றுமை எத்தன்மையது என்பதற்கு அவர் கூறிய உதாரணம் எமக்கு மிகவும் பிடித்தது. போர் விமானத்தின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 1973இல் வகுக்கப்பட்ட '1553' என்னும் இராணுவ நியமம் உண்டு. அதில் ஒரு தலைமைக் கருவி கேட்டாலன்றி மற்றையவை வாய்திறவா. தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பாகப் பெயர்சொல்லி அழைக்க, அவ்வவ் வகுப்பு மட்டும் மறுமொழி சொல்லுவது போன்றது அது. பயணி விமானங்களிற் பெரிதும் வழங்கும் '429' என்னும் நியமமோ, ஒருவர் அறிவித்துக்கொண்டேயிருக்க மற்றையோர் கேட்டுக்கொண்டிருப்பது போன்றது. ஒழுங்கு வேறு, மின்குறியைப் பின்தொடர்ந்து சென்று அது எங்கே அறுந்தது என்று காணும் அறிவு ஒன்றே. ஒன்றைக் கற்றவன் மற்றொன்றை விரைவிற் கற்பான். ஆனால் அதை அவனே எடுத்துச் சொல்லவேண்டும். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் ஊகித்தறியமாட்டார்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்று, முழுத் தகுதி பெற்ற முன்னாட் படையினர்க்கு 36 மாதம் வரை கல்விச் செலவுக்கு உதவுகிறது. 2011இல் வந்த சட்டத்தின்பின், விலகுவோரிற் பெரும்பாலோர்க்கு மாறுகாலப் பயிற்சி வகுப்புக் கட்டாயமாயிற்று. கல்வி உதவியைக் கொண்டு எம் அயலவர் அவ்வூர்க் கல்லூரியொன்றில் வைத்தியசாலைக் கருவிகளைப் பராமரிக்குங் கல்வியை இரண்டாண்டு கற்றார். தம் மகனையொத்த பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து படித்ததாகச் சொல்லிச் சிரித்தார். பின்னர் ஒரு வைத்தியசாலையிற் சேர்ந்தார். தொடக்கச் சம்பளம் குறைவு. தம்மினும் பத்து வயது இளையவர் அவருக்கு மேலாளர். "நாற்பது பேருக்குக் கட்டளையிட்ட எனக்கு, மல்ரிமீற்றரை எங்கே வைப்பது என்று ஒரு பையன் சொல்லித் தந்தான். அன்று வீட்டுக்கு வந்து ஒருவரோடும் பேசவில்லை" என்று அவர் சொன்னபொழுது குரல் தாழ்ந்தது. அந்த ஓராண்டு, கடலிற் கழிந்த இருபது ஆண்டினுங் கடினமாய் இருந்ததாம்.

அவரை அங்கே நிலைநிறுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியொன்று இரவில் அடிக்கடி பொய்யாக அபாய ஒலி எழுப்புகிறது என்று தாதியர் முறையிட்டனர். இரண்டு முறை பட்டறைக்குக் கொண்டுவந்து சோதித்து, 'பழுது இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டனர். மூன்றாம் முறை எம் அயலவர் கருவியைக் கொணரச் சொல்லவில்லை. தாமே இரவில் அவ்விடுதிக்குச் சென்று ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். தாதி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியபொழுது, கட்டிலின் இரும்புச் சட்டம் கருவியின் கம்பியை இழுப்பதைக் கண்டார். கம்பியின் உள்ளே ஓரிழை அறுந்து, இழுபடும்போது மாத்திரம் தொடர்பு விட்டுப்போயிற்று. பட்டறை மேசையிலே கம்பியை இழுப்பார் யாருமில்லை; ஆகவே பழுதும் தோன்றவில்லை. "வலப்பக்கந் திரும்புகையில் றேடார் மங்குகிறது என்று விமானி சொன்னால், விமானம் எப்படித் திரும்பியது என்றுதானே முதலிற் கேட்கவேண்டும்?" என்று அவர் எம்மைக் கேட்டார். போர் விமானத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே அவர் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கேள்வியைத்தான். முறையிடுபவரை நம்புதல், பழுது தோன்றும் இடத்துக்கே சென்று பார்த்தல், கண்டதை எழுதிக் கையொப்பமிடுதல் என்னும் இம்மூன்றுக்கும் சீருடை வேண்டியதில்லை.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் றேடார்த் தொழினுட்பவியலாளராயிருந்தவர் டக்ளஸ் எங்கல்பாட். றேடார்த் திரையிலே தகவல் தோன்றக்கூடுமாயின், கணினியும் திரையிலே மனிதனோடு பேசக்கூடும் என்று அவர் பின்னர் சிந்தித்தார். அச்சிந்தனை வளர்ந்து, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி, 'மவுஸ்' எனப்படும் சுட்டியைக் கையிற்கொண்டு கணினியை இயக்கிக்காட்டும் நிகழ்ச்சியாக முடிந்தது. பிரித்தானிய விமானப் படையில் றேடார்த் துறையிற் பணியாற்றிய ஆதர் சி. கிளார்க், புவியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதினார். போர் முடிந்தபின் பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்றார். 1956இல் எம் நாட்டுக்கு வந்து குடியேறிய அவர், 2008இற் கொழும்பிலே காலமானார். இவ்விருவரும் தாம் கற்ற கருவியோடு நின்றுவிடாது, அக்கருவி கற்பித்த பார்வையைத் தம்மோடு எடுத்துச் சென்றனர்.

எம் கல்லூரியில் ஆண்டுதோறும் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில், பெற்றோர் எம்மிடம் கேட்பது ஒன்றே: "சேர், இந்தப் பெறுபேற்றுக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்?" அது நியாயமான கேள்வியே, சான்றிதழின்றிக் கதவு திறவாது என்பதை எம் அயலவரின் கதையே காட்டுகிறது. எனினும் சான்றிதழ் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே நின்று வேலைசெய்யாது. இன்றைய மாணவன் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று தொழில்களேனும் மாற நேரலாம். அவன் கற்ற பொறி பழையதாகிவிடும். பொறுமையாய்ப் பழுது தேடும் பழக்கம் பழையதாகாது. அன்றியும், தான் அறிந்ததைப் பிறர்க்கு விளங்கும் எளிய சொல்லில் எடுத்துரைக்க அவன் பழகவேண்டும். மாணவர்களே, பரிசோதனைசாலையில் விடை பிழைத்தால் அயலில் உள்ளவனின் கொப்பியைப் பார்த்து எழுதாதீர்கள். எங்கே பிழைத்தது என்று தேடுங்கள். பெற்றோரே, நாற்பது வயதில் உங்கள் பிள்ளை புதிய தொழிலொன்றின் முதற்படியில் நிற்க நேர்ந்தால், அவனைப் பாவம் என்று பாராதீர்கள். அவன் வெறுங்கையோடு வரவில்லை.