உலகக் கோப்பையிலிருந்து என் ஏழு பேர்

கிரிக்கெட் உலகக் கோப்பை முடிஞ்ச கையோட பேப்பர்ல சிறந்த பதினொரு பேர்னு ஒரு அணி வந்துடும். டீக்கடையில அதை வெச்சு ரெண்டு நாள் சண்டை ஓடும். கபடிக்கு அப்படி யாரும் போட்டு நான் படிச்சதில்லை. அதனால நானே போட்டுப் பார்த்தேன். எடுத்துக்கிட்டது 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை. மொத்தம் 12 நாடு. கென்யா, போலந்து, அர்ஜென்டினாகூட வந்து ஆடினாங்க.

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். களத்தில் நிற்கிறது ஏழு பேர். பாடிப் போறவன் ஒருத்தன், அவனுக்கு 30 நொடி. டிவியில பேர் வாங்குறது பெரும்பாலும் அவன்தான். ஆனா பாதி ஆட்டம் பிடியில இருக்கு. ரெண்டு பக்கமும் மூலைக்கு ஒரு ஆள், உள்பக்கம் கவர்னு ரெண்டு பேர். மூலைக்காரன் பக்கத்து ஆளோட கையைக் கோத்துக்கிட்டு நிற்பான். ஒருத்தன் அவசரப்பட்டா ரெண்டு பேரும் போச்சு. அதனால அதிகப் புள்ளி எடுத்த ஏழு பேரை வரிசையா எழுதினா அது பட்டியல்தான், அணி ஆகாது.

முதல்ல பாடறவங்க. இமாசலத்து அஜய் தாக்கூரைத் தள்ளவே முடியாது. இறுதி ஆட்டத்தில் இடைவேளை வரைக்கும் ஈரான் 18-13ன்னு முன்னாடி இருந்தது. அங்கிருந்து இந்தியா 38-29ல ஜெயிச்சதுக்கு முக்கியக் காரணம் அவர்தான். அந்த ஒரு ஆட்டத்தில் பாடிப் போய் 12 புள்ளி. நல்ல உயரம், தவளை மாதிரி ஆள் தலைக்கு மேல தாவுவார்.

ரெண்டாவது தென்கொரியாவின் ஜாங் குன் லீ. முதல் நாளே இந்தியாவை 34-32ல கொரியா தோற்கடிச்சது ஞாபகம் இருக்கா? கடைசி நிமிஷங்கள்ல ஆட்டத்தைத் திருப்பினவர் இவர். மூணாவது நம்ம கேப்டன் அனூப் குமார். ஈரான் கேப்டன் மிராஜ் ஷேக் அவரைவிட வேகம்தான், ஆனா தோற்கிற நேரத்திலும் முகம் மாறாத ஒரு ஆள் நடுவுல வேணும். பர்தீப் நர்வால், ராகுல் சவுத்ரி ரெண்டு பேரும் வெளியே. ஏழு பேரும் பாடப் போனா கோட்டையை யார் காப்பாத்தறது?

கவருக்கு சுர்ஜித், மஞ்சீத் சில்லர். இடது மூலை ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி. கணுக்காலைப் பிடிச்சார்னா உடும்புப்பிடி. வலது மூலைக்கும் ஈரான் ஆள்தான், அபோசர் மிகானி.

இங்கதான் எங்க ஊர்ப் பசங்க சண்டைக்கு வந்தாங்க. "என்ன பெரியப்பா, நம்ம சேரலாதனை வுட்டுட்டு ஈரான்காரனைப் போடறீங்க?"

தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். வலது மூலைதான் அவர் இடம். மத்தவங்க ஓய்வு எடுக்கிற வயசுல, 41ல, இந்திய அணியில இருந்தார். அதே வருஷம் ஜூலையில பாட்னா அணிக்குக் கேப்டனா இருந்து ப்ரோ கபடி கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். வடநாட்டுப் பசங்களே அவரை அண்ணான்னு கூப்பிடுவாங்க. எனக்கும் அவர்மேல ஆசைதான். ஆனா நான் போடறது அந்த ஒரு தொடரோட அணி. அந்த ரெண்டு வாரத்துல என் கண்ணுக்கு மிகானி பிடிதான் நின்னுது. ஃபாசலும் அவரும் பழகின ஜோடி வேற. நம்ம ஆளுங்கிறதுக்காக உள்ளே போட்டா, அது சேரலாதனுக்கே மரியாதை இல்லை.

இந்த "நம்ம ஆளு" விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. நான் ஆடின காலத்துல இந்தப் பக்கத்துல எத்தனையோ ஊர் அணியைப் பார்த்திருக்கேன். பனியனுக்குக் காசு கொடுத்தவர் வீட்டுப் பையன் ஒருத்தன், பெரிய தெருவுக்கு ரெண்டு பேர், பங்காளி வகையில ஒருத்தன்னு ஏழு பேர் நிரம்பிடும். தறிக்குழியில கால் மிதிச்சு வளர்ந்த பையன் ஒருத்தன் இருந்தான். தொடையெல்லாம் இரும்பு. மூலையில அவன் பிடிச்சா மீண்டு போனவன் கிடையாது. மூணு பொங்கலுக்கு அவன் கோட்டுக்கு வெளியே மத்தவங்க சட்டையை மடியில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நாலாவது பொங்கலுக்கு வரவே இல்லை. அந்த அணி ஒரு கோப்பையும் வாங்கினதில்லை. அதைவிட, அந்தப் பையன் அப்புறம் கபடியே ஆடலைங்கிறதுதான் எனக்குத் தாங்கலை.

பெரிய இடத்துக்கும் இதே பாடம்தான். 1990லிருந்து ஆசிய விளையாட்டுல ஆண்கள் கபடித் தங்கம் ஏழு தடவையும் இந்தியாவுக்கே வந்தது. கபடின்னா நம்ம சொத்துன்னு இருந்தோம். 2018ல ஜகார்த்தாவுல அரையிறுதியில ஈரான்கிட்ட தோத்தோம். பெண்கள் இறுதி ஆட்டத்துலயும் ஈரான்கிட்டதான் 27-24ல தோத்தோம். மண்ணு நம்மளோடதுங்கிறதுக்காக விளையாட்டு நமக்குக் கட்டுப்பட்டுக் கிடக்காது. யார் நல்லா உழறானோ அவனுக்குத்தான் விளையும்.

என் ஏழு பேர்ல நாலு இந்தியா, ரெண்டு ஈரான், ஒண்ணு கொரியா. பசங்க அரைமனசா ஒத்துக்கிட்டாங்க. ஆனா தை மாசம் நெருங்குது, ஊர் அணி எடுக்கணும். அதுக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்லியிருக்கேன். ஆள் எடுக்கிறவர் கூரத்துக்காரரா இருக்கக்கூடாது. வெளியூர்ல ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் யாராவது வரட்டும். பசங்க சட்டையில நம்பர் மட்டும் இருக்கட்டும். யார் வீட்டுப் பையன், எந்தத் தெருன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். பிடியை மட்டும் பார்த்து ஏழு நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போகட்டும்.

ரெண்டு மூணு பெரியவங்க முகம் சுளிச்சாங்க. பசங்க எல்லாருமே சரின்னுட்டாங்க.