நாளைய உலகில் சாக்கடைக்குள் இறங்குவது யார்?

புதிதாக என்ன அறிவியல் புனைகதை படிக்கலாம், எங்கே கிடைக்கும் என்று மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் ராக்கெட் கதைக்கு என்ன வேலை என்று கேட்கும் மூத்த தோழர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

இல்லாத உலகத்தைக் கற்பனை செய்வது நமக்குப் பழகிய வேலைதான். தோல் தொழில் செய்த சமூகத்தில் பிறந்த ரவிதாசர், துயரமே இல்லாத ‘பேகம்புரா’ என்ற நகரத்தைப் பாடினார். அங்கே வரி கிடையாது, யாரும் எங்கும் நடக்கலாம். பெரியார் ‘இனிவரும் உலகம்’ என்று எழுதி, ஆளுக்கொரு கம்பியில்லாத் தொலைபேசி வரும் என்றார். வங்கத்து ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் அச்சானது நம் மெட்ராஸில் வெளிவந்த ஒரு பெண்கள் இதழில்தான். அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள்; ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அடக்கப்பட்டவர்கள்தான் வேறொரு உலகத்தை முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். தென்சென்னையில் ஒரு கடையில் நாங்கள் கேட்டபோது சிறுவர் நூல்கள் இருக்கும் அலமாரியைக் கை காட்டினார்கள். இன்னொரு கடையில் “சுஜாதா இருக்கு, எடுத்துக்குங்க” என்றார்கள். சுஜாதாவைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். மயிலாப்பூரில் வாழ்ந்த அவர்தான் தமிழில் பல்லாயிரம் பேரை இந்த வகைக் கதைக்குள் இழுத்து வந்தவர். ‘என் இனிய இயந்திரா’வை இன்று எடுத்துப் படித்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் எதிர்காலம் என்று எழுதியது நாம் இப்போது வாழ்கிற இந்த ஆண்டுகளைத்தான். ஒரு சர்வாதிகாரி ஆளும் இந்தியாவும், பேசும் இயந்திர நாயும் அதில் உண்டு. அந்த இந்தியாவில் சாதி என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிக்க எங்கள் வாசிப்பு வட்டம் வைத்திருக்கும் அளவுகோல் இந்த ஒரு கேள்விதான்: இந்தக் கதையில் வரும் நகரத்தில் கழிவை அகற்றுவது யார்? மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2018இல் கேரள இளைஞர்கள் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தையே செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகும் நச்சுவாயு தாக்கிச் செத்தவர் செய்தி நின்றபாடில்லை. ஆக, இங்கே பற்றாக்குறை தொழில்நுட்பத்தில் இல்லை. இதைக் கேட்கத் தெரிந்த கதை எத்தனை நூற்றாண்டு தள்ளி நடந்தாலும் நம் கதை. கேட்காத கதையில் விண்கலம் மட்டும்தான் புதிது. அக்ரகாரமும் சேரியும் அப்படியே இருக்கும்.

அப்படிக் கேட்கிற புத்தகம் ஒன்று நம் ஊரிலேயே வந்திருக்கிறது. சென்னையில் இயங்கும் சிறு பதிப்பகமான பிளாஃப்ட் 2024இல் ‘தி பிளாஃப்ட் புக் ஆஃப் ஆன்டி-காஸ்ட் எஸ்.எஃப்.’ என்ற ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டது. பெயரிலேயே சாதி எதிர்ப்பு இருக்கிறது. 2008இல் தமிழ்ப் பாக்கெட் நாவல் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதும் இதே பதிப்பகம்தான். சாதிக்கு எதிரான அறிவியல் புனைகதை என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் பிடித்தபோது எங்களில் இளையவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கடல் கடந்தும் நமக்கு உறவுகள் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்த தாய்க்குப் பிறந்த கறுப்பினப் பெண் ஆக்டேவியா பட்லர் 1979இல் ‘கிண்ட்ரெட்’ எழுதினார். 1976இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமை முறை இருந்த காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். காலயந்திரம் என்றால் எல்லோருக்கும் சுற்றுலா இல்லை என்று அப்போதுதான் உறைக்கிறது. நாமே ஒருநாள் மயிலாப்பூர் மாட வீதியில் நின்று நூறு ஆண்டு பின்னால் போனால் என்ன ஆகும்? 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. கபாலீசுவரர் கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கதையைத் தமிழில் இன்னும் யாராவது எழுத வேண்டும்.

பட்லரின் நினைவாக வந்த கடிதங்கள், கட்டுரைகள் அடங்கிய ‘லூமினசென்ட் த்ரெட்ஸ்’ 2017இல் வெளியானது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் மிமி மொண்டல், கொல்கத்தாவிலிருந்து போன தலித் பெண். உலக அறிவியல் புனைவில் பெரிதாக மதிக்கப்படும் லோகஸ் விருதை அந்த நூல் 2018இல் பெற்றது. இந்தப் பெயர்களை எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு புத்தகத்தின் முன்னுரை அடுத்த புத்தகத்தைக் காட்டியது, அது அடுத்ததைக் காட்டியது.

சரி, எங்கே தேடுவது? முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தார்கள். அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது; உயர்நீதிமன்றம் தடுத்தது. போராடிக் காத்த இடம். யாரும் உள்ளே போய் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், என்ன வாங்கப் போகிறாய் என்று யாரும் பின்னால் வர மாட்டார்கள். அடுத்து, ஆண்டுதோறும் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி. பெரிய அரங்குகளைத் தாண்டி ஓரத்தில் இருக்கும் சிறு பதிப்பகங்களிடம் போய் நில்லுங்கள். தி.நகர் நியூ புக் லேண்ட்ஸில் சிறு பதிப்பகங்களின் தமிழ் நூல்கள் கிடைக்கும். பழைய ஆங்கிலப் புத்தகத்துக்கு நடைபாதைக் கடைகள்.

இதில் தூரமும் ஒரு தடை. ஆற்றங்கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட நம் குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைக்குப் பேருந்திலேயே அரை நாள் போய்விடும். விலை அடுத்த தடை, ஆங்கிலம் அதற்கடுத்த தடை. எங்கள் வழி எளிது. ஒரு பிரதியை ஏழு பேர் சேர்ந்து வாங்குகிறோம். ஆங்கிலம் சரளமாக வருகிற தோழர் ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். ஒரு கதைக்கு இரண்டு ஞாயிறு ஆகும். ஆகட்டும்.

அடுத்த முறை நூலகம் போகும் தோழர்கள் மேலே சொன்ன நூல்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வாசிப்பு வட்டம் தொடங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், எங்கள் பிரதியைக் கொண்டுவருகிறோம்.