பாதிக் கட்டடம் இயங்கும், பாதிக் கட்டடம் இடியும்



சாரம் சரிந்து செத்தார்கள், மண் சரிந்து செத்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் கண்டன அறிக்கை எழுதுகிறோம். ஆனால் கட்டுவதற்கு முன்னால் இடிக்கிற வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சே வருவதில்லை. நாங்கள் நான்கைந்து பேர் சில வருடங்களாக வடசென்னை, அம்பத்தூர், ராணிப்பேட்டை பக்கங்களில் இடிப்பு வேலைக்குப் போகிற குழுக்களோடு பழகி வருகிறோம். முதலில் நல வாரியத்தில் பதிவு செய்து கொடுக்கத்தான் போனோம். அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்ட பிறகு அப்படித் திரும்ப முடியவில்லை.

இடிப்பிலேயே மோசமானது எது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். காலியான கட்டடம் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் கட்டடம். முன்பக்கம் ஜவுளி வியாபாரம் நடக்கும், பின்பக்கம் சம்மட்டி விழும். ஒரு ஷெட்டில் மூன்று ஷிப்டும் மிஷின் ஓடும், ஒட்டினாற்போல இருக்கிற ஷெட்டில் கூரை பிரிப்பார்கள். முதலாளிக்கு ஒரு நாள்கூட ஷட்டரை இறக்க மனமிருக்காது. அதனால் இடிக்கிறவர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் வர வேண்டும், விடிவதற்குள் பெருக்கித் துடைத்துவிட்டுப் போக வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது, தூசி தெரியக் கூடாது. அவர்களும் கண்ணில் படக் கூடாது.

2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில், ஆயிரம் விளக்கு அருகே இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்தது. அந்த வழியாக நடந்துபோன இளம்பெண் ஒருவர் இறந்தார். ஐடி வேலைக்காக வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர். பகல் நேரம், நகரத்தின் முக்கியமான சாலை, பக்கத்தில் பேருந்து ஓடுகிறது. அந்தச் சாவு நம்மை உலுக்கியது, உலுக்கவும் வேண்டும். ஆனால் சுவரின் அந்தப் பக்கம், தகரத் தடுப்புக்கு உள்ளே, தினமும் அதே சுவருக்குக் கீழே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் விழுந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

எப்படி இடிப்பது என்று நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுற்றியிருந்த மக்களை வெளியேற்றினார்கள், போலீஸ் வளையம் போட்டார்கள். 2022 ஆகஸ்டில் நொய்டா இரட்டைக் கோபுரத்துக்கு 3700 கிலோ வெடிமருந்து செலவானது, சில நொடிகளில் வேலை முடிந்தது, ஒரு உயிர்கூடப் போகவில்லை. நாடே டிவியில் பார்த்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களின் உயிருக்கு மதிப்பு போட்டு அதற்கேற்ப இன்ஜினியர்களை உட்காரவைத்தால் பத்திரமாக இடிக்கலாம் என்பதற்கு அது போதுமான சாட்சி. அந்தக் கணக்கில் வராத உடம்புகளைப் பற்றித்தான் நாங்கள் எழுதுகிறோம்.

எம்.ஏ. படிக்கும்போது உல்ரிச் பெக் பாடத்தில் வந்தார். நவீன காலத்து அபாயங்கள் ஏழை, பணக்காரன் என்ற கோட்டைத் தாண்டி எல்லாரையும் தொடும் என்று ஓரிடத்தில் வாதிட்டவர். அவரை ஒரு ராத்திரி அம்பத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கலாம். ஹெல்மெட்டின் நிறத்தை வைத்தே யார் எந்தக் கேண்டீனில் சாப்பிடலாம், எந்தக் கக்கூசுக்குப் போகலாம் என்று சொல்லிவிட முடிகிற இடம் அது. இடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஹெல்மெட்டே கிடையாது, அதனால் அந்தக் கேள்வியும் இல்லை.

இந்த வேலையில் பணம் எப்படி ஓடுகிறது என்று புரிந்தால்தான் ஆட்கள் ஏன் சாகிறார்கள் என்று புரியும். கட்டுகிற வேலையில் உரிமையாளர் கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுப்பார். இடிப்பில் பல நேரம் தலைகீழ், கான்ட்ராக்டர்தான் உரிமையாளருக்குப் பணம் கட்டுகிறார். அதற்குப் பதிலாகக் கட்டடத்தில் உள்ள கதவு, ஜன்னல், கம்பி, தேக்கு, உடையாத செங்கல், பழைய இரும்பு எல்லாம் அவருடையது. லாபம் முழுக்க ஸ்கிராப்பில்தான். அதனால் இடிக்கும் வரிசையை முடிவு செய்வதும் ஸ்கிராப் விலையே.

முறைப்படி என்றால் கட்டிய வரிசைக்கு நேரெதிராக மேலிருந்து கீழே வர வேண்டும். தாங்குகிற பாகம் கடைசியில்தான் கழல வேண்டும். இடிப்புக்கென்றே ஐ.எஸ். 4130 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. முதலில் கட்டடத்தைச் சோதித்துத் திட்டம் போடு, இணைப்புகளைத் துண்டி, பக்கத்துக் கட்டடத்துக்கு முட்டுக் கொடு என்பதெல்லாம் அந்த மாதிரி விதிகளின் சாரம். நடப்பது வேறு. மாடிப்படிக் கைப்பிடி இரும்பு என்பதால் முதல் நாளே போய்விடும். அடுத்த ஒரு மாதமும் அதே படியில் கைப்பிடி இல்லாமல் தலைச்சுமையோடு இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரையைத் தாங்குவதே தேக்குக் கட்டைகள்தான், அவற்றுக்குத்தான் விலையும். கட்டையை உருவியதும் உள்ளே பிடிப்பில்லாமல் சுவர் மட்டும் தனியாக நிற்கும். மழை பெய்தால், பக்கத்தில் லாரி அதிர்ந்தால், அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2013 ஜூன் 5 அன்று, இடிப்பில் இருந்த கட்டடத்தின் செங்கல் சுவர் பக்கத்தில் திறந்திருந்த பழம்பொருள் கடை மீது விழுந்தது. 7 உயிர்கள் போயின. உள்ளே இருந்த மர விட்டங்களை விற்பதற்காக முன்கூட்டியே உருவியிருந்தார்கள், சுவருக்கு முட்டு இல்லை. சிறைக்குப் போனவர்கள் கான்ட்ராக்டரும் இயந்திரம் ஓட்டியவரும், இருவருமே கறுப்பினத்தவர். கட்டட உரிமையாளர் மீது குற்ற வழக்கே போடவில்லை. 2017ல் சிவில் வழக்கு 22 கோடியே 70 லட்சம் டாலருக்கு முடிந்தது. இங்கே அந்தச் சிவில் வழக்குகூடக் கிடையாது, பொக்லைன் டிரைவரின் கைதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

இயங்கும் தொழிற்சாலைக்குள் இன்னும் மூன்று எமன்கள். முதலாவது கரண்ட். "இந்தப் பக்கம் லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று சூப்பர்வைசர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த ஒரு சுவிட்சை ஆஃப் செய்திருப்பார். முப்பது வருடத்தில் யார் யாரோ இழுத்த ஒயர் பக்கத்து ஷெட்டிலிருந்து சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் தானாக ஆன் ஆகும். இரண்டாவது கேஸ் கட்டிங். தீப்பற்றும் பொருள் இருந்த டேங்கை முழுதாக வெளியேற்றிச் சுத்தம் செய்யாமல் சூடுபடுத்தி வெட்டக் கூடாது என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே 37ஆம் பிரிவில் சொன்னது. அந்த டேங்கில் என்ன இருந்தது என்று தெரிந்தவர் ரிட்டயராகிப் போயிருப்பார். காலி டேங்க் என்று நினைக்கிறோம். திரவம்தான் காலி, ஆவி உள்ளேயே நிற்கிறது. அதுதான் வெடிப்பது.

மூன்றாவது கூரை. இதைச் சொல்ல ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெயர் சொல்லாமல் விடுகிறோம். ஒரு தொழிற்சாலை வளாகம், பழைய குடோன், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கீழே சரக்கு இருந்ததால் மிஷின் விட முடியாது, ஆள் ஏறிக் கழற்ற வேண்டும். உடையாமல் கழற்றினால் ஷீட்டுக்கு விலை உண்டு. அந்த ஷீட்டின் மீது மனிதன் நிற்கக் கூடாது. பலகை போட்டு, எடை இரும்புச் சட்டத்தில் இறங்குமாறு நகர வேண்டும், அடியில் வலை கட்ட வேண்டும். பலகையும் இல்லை, வலையும் இல்லை. ராத்திரி ஒன்றரை மணி, ஒரே ஒரு போகஸ் லைட். எங்களோடு பழகிய அண்ணன் ஒருவர் கால் வைத்த இடம் உடைந்து உள்ளே விழுந்தார். 38 வயது, இரண்டு பிள்ளைகள்.

பிரேதப் பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வெள்ளைத்தாளோடு வந்து நின்றார். "அக்கா, ரெண்டு லட்சம் இருக்கு. கையெழுத்துப் போட்டா இப்பவே கையில. கேஸு கோர்ட்டுன்னு போனா உங்களுக்குத்தான் அலைச்சல்." அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரிடம் சொன்னது சட்டத்தில் உள்ள ஒரே ஒரு விஷயம்தான். அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, தொழிலாளி இறந்துவிட்டால் முதலாளி இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. தோழர்கள் இந்த ஒரு பிரிவையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மார்ச்சுவரி வாசலில் அதைத் தேடிப் படிக்க நேரம் இருக்காது. 2020ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துவிட்டன, அதனால் புதிய எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை. கேட் ரிஜிஸ்டரில் அண்ணன் பெயர் இருந்தது, ஆனால் எதிரே "ஸ்கிராப் லோடிங்" என்று எழுதியிருந்தார்கள். நிர்வாகம் காட்டிய காகிதம் வேலை ஒப்பந்தமே இல்லை, பழைய பொருள் விற்பனை ரசீது. "நாங்க ஷெட்டை வித்துட்டோம். வாங்கினவர் பிரிச்சு எடுத்துட்டுப் போறார். அவரோட ஆளுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" முன்னால் சொன்ன ஸ்கிராப் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. அந்த ரசீது இடிக்கும் வரிசையை மட்டும் கெடுக்கவில்லை, இடிக்கிறவனைத் தொழிலாளி என்ற சொல்லிலிருந்தே நீக்கிவிடுகிறது. சட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு. முதலாளியின் வழக்கமான தொழிலின் பகுதியாக இருக்கிற வேலைக்குத்தான் 12ஆம் பிரிவு அவரைப் பொறுப்பாக்கியது. "எங்க தொழில் உதிரிபாகம் செய்யுறது, கட்டடம் இடிக்கிறது இல்ல" என்கிறார் அவர்களுடைய வக்கீல். 1996ஆம் வருடத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் வரையறையில் இடிப்பு என்ற சொல் தெளிவாக இருந்தது. ஆனால் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தும் வேலைக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருந்தது. தொழிற்சாலை அதிகாரி அங்கே போ என்கிறார், அங்கே போனால் இங்கே போ என்கிறார்கள். உற்பத்தி தொடங்காத ஆலையைக் கட்டுகிறவர்களுக்குக் கட்டடத் தொழிலாளர் சட்டமே பொருந்தும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓடுகிற ஆலைக்குள் இடிக்கிறவர்களுக்காக நாம் இன்னும் வாதாடித்தான் ஆக வேண்டும். எங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் ஒன்றுதான். "10 மணிக்கு மேல் மட்டும் வேலை, முதலில் வடக்குப் பக்க ஷீட்" என்று ஆலை மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. விற்றுவிட்ட ஷெட்டுக்கு அவர் ஏன் உத்தரவு போடுகிறார்? வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

சாதி எங்கே வருகிறது என்று சில மாணவர்கள் கேட்டார்கள். இடிப்புத் தளத்தில் செப்டிக் டேங்க் வரும்போது பாருங்கள் என்று சொன்னோம். பொக்லைன் அதன் மேல் ஏறினால் இறங்கிவிடும், அதனால் முதலில் காலி செய்ய வேண்டும். மேஸ்திரி எல்லாரையும் விட்டுவிட்டு எந்த ஊர் ஆட்களைக் கூப்பிடுகிறார், அந்த ஊரில் எந்தத் தெரு என்று பார்த்தால் போதும். 2013ஆம் வருடத்துச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடையில், செப்டிக் டேங்கில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இடிப்புத் தளத்தில் நடந்தால் அதையும் "கட்டட விபத்து" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லில் சாதியும் மறைகிறது, 30 லட்சமும் மறைகிறது. முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படிப்பது நம் முதல் வேலை.

ஞாயிறு கூட்டங்களில் நாங்கள் பாடம் எடுப்பதில்லை. பெரும்பாலும் அவர்கள்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள். எலக்ட்ரிசியன் ஆஃப் செய்ததாகச் சொன்னால் நம்பாதே, ஃப்யூஸ் கேரியரைக் கழற்றி உன் லுங்கி மடிப்பில் வைத்துக்கொள், வேலை முடிந்த பிறகு திருப்பிக் கொடு என்றார் ஒரு பெரியவர். பெரிய கம்பெனிகளில் இதையே பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, பெர்மிட் எழுதிச் செய்கிறார்கள். ஐம்பது வயது சித்தாள் அக்கா ஒருவர், மேலே ஆள் அடிக்கும்போது கீழே அள்ளுகிற ஆள் நிற்கக் கூடாது, அதை மேஸ்திரி சொல்ல மாட்டான், நாமதான் கூடையை வைத்துவிட்டு வெளியே வர வேண்டும் என்றார். ஷீட்டை உடைத்தால் தண்ணீர் அடித்துவிட்டு உடை, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் இருபது வருடம் கழித்துத்தான் தெரியும் என்பது மட்டும் நாங்கள் கொண்டுபோன செய்தி.

போன மார்கழியில் ஒரு குழு இதைச் செய்து காட்டியது. 11 பேர். கரண்ட் துண்டித்ததை எலக்ட்ரிசியன் வந்து டெஸ்டர் வைத்துக் காட்டாமல் சுவரைத் தொட மாட்டோம் என்று கேட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். தனி ஆளாகச் சொல்லியிருந்தால் அவனை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். நாற்பது நிமிடம் கழித்து எலக்ட்ரிசியன் வந்தார். இரண்டாவது இடத்தில் டெஸ்டர் எரிந்தது.

அடுத்த சைட்டை கான்ட்ராக்டர் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்த குழுவுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குழுவில் பலர் ஆதிவாசிகள், தகர ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் மேல் நம் ஆட்களுக்குக் கோபம் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் வைத்தே பேசினோம், காரசாரமாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெரியவர்தான், "அவனுங்களுக்கும் ஃப்யூஸ் கதையைச் சொல்லணும்யா" என்றார். எங்களில் யாருக்கும் இந்தி சரளமாக வராது. இந்தி பேசத் தெரிந்த மாணவத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடிந்தால் எழுதுங்கள். அவர்கள் ராத்திரி வேலை முடித்து வருவார்கள், ஏழு மணிக்கு மேல் விழித்திருக்க மாட்டார்கள். அதனால் ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.