எண்ணும் எல்லையும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால், சங்க இலக்கியத்தின் சுவையையோ சமய குரவரின் பெருமையையோ எழுதுவார் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ குடிசன மதிப்பீடு. அதிலும், மக்களை எண்ணும் முறையைப்பற்றி அன்று. எண்ணப்பட்ட நிலத்தின் எல்லையைப்பற்றியே எழுதுகின்றோம். இது புவியியலாசிரியரின் புலமன்றோ எனச் சிலர் வினவலாம். எல்லை என்பது தமிழிலக்கணத்துக்குப் புறம்பான பொருளன்று என்பதே எமது விடை.

நன்னூலைப் பாடங்கேட்ட பழைய மாணவர்கள் பாயிரத்தின் இலக்கணத்தை மறந்திரார். பாயிரம் செய்வோன் கூறவேண்டியனவாக எட்டுப் பொருள்கள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, நூலின் பெயர் முதலியவற்றோடு எல்லையும் அவ்வெட்டனுள் ஒன்று. நூல் வழங்கும் நிலம் இதுவென அறியாதவிடத்து, அதிற் சொல்லப்பட்ட விதி எவ்விடத்துக்கு உரியதெனக் கற்போன் மயங்குவான். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரமும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையை முதற்கண் காட்டியே தொடங்குகின்றது. சொல்லின் விதிக்கே எல்லை வேண்டுமாயின், மக்களை எண்ணிச் சொல்லும் தொகைக்கு அது வேண்டாமோ?

நூலறிவு ஒருபுறமிருக்க, நம் வீட்டுப் பெட்டகத்தில் உள்ள காணியுறுதியை எடுத்துப் பார்ப்போம். காணியின் பெயரையும் பரப்புக் கணக்கையும் மாத்திரம் எழுதி எவரும் உறுதி முடிப்பதில்லை. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, மேற்கே கோயிற்காணி, தெற்கே தெரு என நான்கெல்லையும் எழுதிய பின்னரே நொத்தாரிசு கையொப்பமிடுவார். எல்லை எழுதாத உறுதி வழக்குக்கு வித்து. எல்லை கூறாத புள்ளிவிபரமும் அத்தகையதே.

இதற்கு நம் மாவட்டத்தினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கட்டொகை 830,552. 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 583,882. இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதிக் கழிக்கச் சொன்னால், கீழ்வகுப்பு மாணவனும் 246,670 எனக் கணக்கிட்டுவிடுவான். கழித்தல் சரி, அதிலிருந்து கொள்ளும் பொருள் சரியன்று. 1984 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே, முன்னர் எண்ணப்பட்ட நிலமும் பின்னர் எண்ணப்பட்ட நிலமும் ஒன்றல்ல. பின்னைய எல்லைப்படி பார்த்தால், 1981 இல் யாழ்ப்பாண மாவட்ட நிலத்தில் இருந்தோர் 738,788 பேர். கிளிநொச்சி நிலத்தில் இருந்தோர் 91,764 பேர். ஒத்த நிலத்தை ஒத்த நிலத்தோடு வைத்துப் பார்க்குமிடத்து, யாழ்ப்பாணத்தின் குறைவு 154,906. கிளிநொச்சியிலோ தொகை 113,510 ஆகக் கூடியிருக்கின்றது.

இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையில் முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. 2001 ஆம் ஆண்டு மதிப்பீடு நடந்தபோது யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எண்ணுதற்கு இயலவில்லை. அந்த நெடிய இடைவெளியில் நாம் இழந்தது எவ்வளவு என அறிய விழைவோர், அறியாமலே 91,764 பேரையும் இழந்தோர் கணக்கிற் சேர்த்துவிடுதல் கூடும். உண்மையான குறைவே நெஞ்சை உருக்கப் போதும். அதனைப் பெருக்கிச் சொல்லுதல் துயருக்குத் துணையாகாது. பிழை வெளிப்படும் நாளில் மெய்யான இழப்பையும் உலகம் ஐயுறும். எல்லையைச் சொல்லுதல் இறந்தோர்க்கும் பிரிந்தோர்க்கும் நாம் செய்யும் நீதி என்பதை மாணவர்கள் உணர்தல் வேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டம் என்னும் பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலுக்குரிய யாழ்ப்பாண மாவட்டம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களையும் அடக்கியது. ஒருபெயர் இருபொருட்கு நின்றால் இடம்நோக்கிப் பொருள்கொள்ளுமாறு வகுப்பிற் கற்பிக்கின்றோம். அவ்விதி அட்டவணைக்கும் ஏற்கும்.

மாவட்டத்தை விட்டுச் சிற்றூருக்கு வந்தால், இச்சிக்கல் பன்மடங்காகின்றது. யாழ்ப்பாண மாவட்டம் 15 பிரதேச செயலர் பிரிவுகளாகவும், அவை 435 கிராம அலுவலர் பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. மதிப்பீட்டுக் காலத்தில் ஒவ்வொரு பிரிவும் ஒரு கணக்கெடுப்பாளர் சுற்றிமுடிக்கத்தக்க சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்படும். வட்டாரங்களைக் கூட்டினாற் பிரிவு; பிரிவுகளைக் கூட்டினாற் பிரதேசம்; பிரதேசங்களைக் கூட்டினால் மாவட்டம். ஒரு வேலி இடம்மாறினால் அதற்கு இருபுறத்துக் கணக்கும் மாறும்.

விதானைமார் ஊரை ஆண்ட காலத்தில் எல்லை பெரும்பாலும் அவர்தம் நினைவிலும் ஊரார் வழக்கிலும் இருந்தது. 1963 ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். இன்று ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரோடு இலக்கமும் உண்டு. ‘ஜே’ என்னும் எழுத்தை முன்னிட்டு எழுதும் அவ்விலக்கத்தை அறியாத குடும்பம் நம் குடாநாட்டில் இல்லை. பெயர் மட்டும் போதாதோ எனின், போதாது. தெல்லிப்பழை என எழுதுவாரும் தெல்லிப்பளை என எழுதுவாரும் உளர். மனிதன் இரண்டும் ஒன்றென அறிவான், கணினி அறியாது. அதற்கு இலக்கமே திறவுகோல். கணினியில் எல்லை என்பது புள்ளிகளின் ஒழுங்கான வரிசை. ஒவ்வொரு புள்ளியும் அகலக்கோடும் நெடுங்கோடும் கொண்டு குறிக்கப்பட்டு, கடைசிப் புள்ளி முதற் புள்ளியிற் சென்று மூடும். அவ்வேலிக்குள் மக்கட்டொகையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த இலக்கமே.

சில ஆண்டுகளுக்கு முன், மேல்வகுப்பு மாணவர்களை நோக்கி, தத்தம் ஊரின் எல்லையை ஒரு தாளில் வரைந்து வருமாறு பணித்தோம். கட்டுரைப் பயிற்சிக்கு முன்னீடாகவே அதனைச் செய்வித்தோம். ஒரே ஊரவரான இருவர் கொணர்ந்த படங்கள் ஒத்திருக்கவில்லை. ஒருவன் தன் ஊர் அம்மன் கோயிற்றிருவிழாவுக்குப் பங்கு தரும் வீடுகளையெல்லாம் உள்ளடக்கி வரைந்திருந்தான். மற்றவன் கிராம அலுவலரின் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்த படத்தைப் பார்த்து வரைந்திருந்தான். மூன்றாமவன் சனசமூக நிலையத்தில் அங்கத்துவம் உடைய வீடுகளைக் கொண்டு எல்லை வகுத்தான். வகுப்பில் வாதம் மூண்டது. மூவரும் மெய்யே சொன்னார்கள் என்றோம். ஊர் என்பது உறவால் அமைவது. பிரிவு என்பது ஆணையால் அமைவது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. எனவே, எம் ஊரில் இத்தனை குடும்பங்கள் எனச் சொல்பவன், எந்த ஊரைச் சொன்னான் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

இதனால் விளையும் நன்மை தீமை சிறியதன்று. ஒரு பிரிவில் நானூறு குடும்பங்கள் இருந்தன என வைத்துக்கொள்வோம். நிர்வாக வசதிக்காக அதனை இரண்டாகப் பிரித்து, பழைய பெயரை ஒரு பாதிக்கு மட்டும் வைக்கின்றார்கள். அடுத்த மதிப்பீட்டில் அப்பெயருக்கு நேரே இருநூறு குடும்பங்களே காணப்படும். பழைய எல்லைப்படம் கைவசம் இல்லாத அலுவலர், இவ்வூர் தேய்கின்றது எனக் கருதி, பாடசாலைக்கு ஆசிரியரைக் குறைக்கலாம். குடிநீர்த் திட்டத்தைப் பின்போடலாம். குடிபெயர்ந்தார் ஒருவருமிலர், கோடு ஒன்றே பெயர்ந்தது.

இச்சங்கடத்துக்கு மாற்றுக் கண்ட நாடுகளும் உள. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2001 ஆம் ஆண்டு மதிப்பீட்டின் முடிவுகளை வெளியிடுதற்கென்றே மிகச்சிறு பிரிவுகளை வகுத்தனர். நூறு பேருக்கும் நாற்பது வீடுகளுக்கும் குறைந்த பிரிவு இருத்தலாகாது என்பது விதி. அதனினும் சிறிதாயின், எண்ணைப் பார்த்தே வீட்டாரை அடையாளங் காணலாம். பிறர் வீட்டுச் செய்தி தெருவுக்கு வரும். மக்கள் நம்பி உரைத்ததைக் காக்கும் வேலியாகவும் எல்லை அங்கே பயன்படுகின்றது. 2011 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அப்பிரிவுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவற்றை மாற்றாது வைத்தனர். மாறிய சிலவற்றுக்கும், பழையது எது, புதியது எது எனக் காட்டும் அட்டவணையைச் சேர்த்துக்கொடுத்தனர். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பேணும் மனமே வேண்டும்.

எமது சொந்த அனுபவமொன்றையும் கூறுதல் பொருந்தும். நாம் பிறந்த சிற்றூர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 ஆம் ஆண்டில், எமக்குப் பத்து வயதாக இருக்கும்போது, அயலூர்களோடு எம்மூரும் வெறுமையாயிற்று. அதன்பின் நாம் தங்கிய வீடுகள் பல. எவ்வூரில் தங்கினும், எம் தந்தையாரின் நிவாரண அட்டையிற் பிறந்த ஊரின் பிரிவிலக்கம் எழுதப்பட்டிருந்தது. ஆளில்லாத ஊருக்கு இலக்கம் எதற்கு என்று சிறுவயதில் எண்ணியதுண்டு. 2012 ஆம் ஆண்டு மதிப்பீடு நடந்தபோதும் மயிலிட்டித் துறைமுகத்தை அடுத்த நிலம் மக்களுக்கு விடப்படவில்லை. 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே அது விடப்பட்டது. ஏனைய இடங்களும் பகுதி பகுதியாகவே விடப்பட்டன.

எம்மூருக்கு மீண்டபோது வேலிகள் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, ஒழுங்கை பற்றைக்குள் மறைந்திருந்தது. ஆயினும் பிரிவின் எல்லை நிலஅளவைப் படத்தில் இருந்தது. காணியின் எல்லை உறுதியில் இருந்தது. அவ்விரண்டையும் கொண்டே எமது நிலத்தை நாம் இனங்கண்டோம். வெறுமையான பிரிவுகளை, எண்ணுதற்கு ஆளில்லை எனக் கூறி அயற்பிரிவுகளோடு கலந்திருந்தால், அட்டவணை நிறைவாகத் தோன்றியிருக்கும்; எம்மூர் இருந்ததற்கு அடையாளம் இராது. மாறாத எல்லைக்குள் எழுதப்படும் சூனியம், இங்கே வாழ்ந்தோர் எங்கே என்று கேட்கும் வினாவாகும். எல்லையை அழித்தால் வினாவே அழிந்துவிடும்.

1871 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டிற் குடிசன மதிப்பீடு நடந்துவருகின்றது. 2024 ஆம் ஆண்டிலும் மதிப்பீடு நடந்தது. அதன் தொகைகளைக் கொண்டு எம் மாணவர்கள் பல ஒப்பீடுகள் செய்வர். அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: தொகைக்கு அருகே ஆண்டை எழுதுவதுபோல, அது எவ்வாண்டு எல்லைக்குரிய தொகை என்பதையும் எழுதுங்கள், எல்லை ஒத்திராத இரண்டைக் கழிக்காதீர்கள்.

பழைய மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுள் நிலஅளவையாளர் உளர். பிரதேச செயலகங்களிற் பணிபுரிவோர் உளர். ஓய்வுபெற்ற கிராம சேவையாளரும் உளர். உங்கள் வீட்டில் பழைய ஊர்ப்படமோ பிரிவுப்பட்டியலோ கிடந்தால், கறையானுக்கு இரையாக்காது கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி தாருங்கள். பிரிவு எப்போது பிரிந்தது, எந்த ஒழுங்கை எப்பக்கம் போயிற்று என்பன நினைவிலிருந்தால், ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எமது கல்லூரியின் சேர்வு இடாப்பிலும் மாணவனின் ஊர்ப்பெயரை வீட்டார் சொன்னவாறே எழுதி, அதனருகே பிரிவிலக்கத்தையும் எழுதும் வழக்கத்தை ஆசிரியர்கள் மேற்கொள்ளலாம். முன்னது உறவின் எல்லையைக் காட்டும். பின்னது ஆணையின் எல்லையைக் காட்டும். அடுத்த யூபிலி மலருக்கு எழுதப்போகும் ஆசிரியருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.