நடுங்கும் வீரன்

நடுக்கம் பலவகைப்படும். குளிரால் நடுங்குவோர் உண்டு. அச்சத்தால் நடுங்குவோர் உண்டு. மேலதிகாரியின் அழைப்பு மணி கேட்டு நடுங்கும் குமாஸ்தாக்களும் உண்டு. இந்த மூன்றாம் வகையில் நமக்கு இருபதாண்டுக் கால அனுபவம் இருக்கிறது. எனினும் நடுக்கத்தின் பொருளை நமக்குக் கற்பித்தது அலுவலகம் அன்று. நம் வீட்டு வாயிற்படியில் படுத்திருக்கும் ஒரு நாய்.

நாம் குடியிருப்பது சிவாஜிநகர். முன்பு பிளாக்பள்ளி என்று வழங்கப்பட்ட பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டுத் தமிழர் வந்து வேரூன்றிய இடம். விடியற்காலையில் மசூதியின் பாங்கொலியும் மரியன்னை பேராலயத்தின் மணியோசையும் ரசல் மார்க்கெட்டுக்குச் செல்லும் வண்டிகளின் ஓசையும் ஒன்றாகக் கலந்து நம்மை எழுப்பும். இந்த ஊருக்கு நாம் பணிமாற்றலாகி வந்தவர்கள். வீரன் வந்த கதை வேறு.

அன்னையார் மறைந்த பின் தந்தையாரைத் தனியே கிராமத்தில் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. அழைக்கச் சென்றோம். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணை விட்டு அசையமாட்டேன் என்றவர், கடைசியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். “வீரனும் வந்தா நானும் வாரேன், தம்பி” என்றார். நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் வழியில் வந்தவர் போலும்! ரயிலில் கார்டு பெட்டியிலிருக்கும் நாய்க்கூண்டில் வீரன் ஏறினான். வண்டி நின்ற பெரிய நிலையங்களிலெல்லாம் அந்த நள்ளிரவிலும் தந்தையார் இறங்கிச் சென்று அவனைப் பார்த்துவிட்டு வந்தார்.

வீரன் சிப்பிப்பாறை இனத்தவன். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனம் அது. கன்னி நாயும் கர்நாடகத்து முதோள் நாயும் மேனாட்டாரின் கிரேஹவுண்டும் இதே வகையைச் சேர்ந்தவை. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி, இரையைப் பார்த்து விரட்டுபவை. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வில் போன்ற முதுகு. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டை குற்றமாயிற்று. வேலை போயிற்று; வேகம் மட்டும் உடலில் தங்கிவிட்டது.

இத்தகைய வீரன், சிவாஜிநகருக்கு வந்த முதல் மார்கழியிலேயே வெடவெடவென்று நடுங்கத் தொடங்கினான். தெருவார் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினர். “பேர்தான் வீரன், சுத்தப் பயந்தாங்கொள்ளி” என்றார் பால்காரர். கண்ணேறு என்றார் எதிர்வீட்டு அம்மையார். பிராந்தி இரண்டு சொட்டு ஊற்றச் சொன்னவரும் உண்டு. நல்லவேளையாக அதைச் செய்யவில்லை.

காரணம் அவன் உடற்கட்டிலேயே இருந்தது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு; உரோமம் குட்டை; அதன் கீழே மற்ற நாய்களுக்குள்ள மெத்தென்ற அடிமயிரும் இல்லை. அனல் பறக்கும் பொட்டலில் ஓடுவதற்கு இவை வரம், குளிரிலோ சாபம். நாயின் இயல்பான உடற்சூடு பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 101 முதல் 102.5 வரை. அது குறையத் தலைப்பட்டால் தசைகள் தாமாகவே விரைந்து சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதுவே நடுக்கம். கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரின் குளிர் கரிசல் காட்டுப் பிள்ளைக்குப் பழக்கமில்லாதது. போதாக்குறைக்கு நம் வீட்டில் மொசைக் தரை. இல்லத்தரசியார் பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்து அவனுக்கு அணிவித்தார்; படுக்கைக்குச் சாக்கின் மேல் கம்பளி விரித்தோம். நடுக்கம் நின்றது.

ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. மாலையில் தந்தையார் கைத்தடியை எடுத்தால் போதும், உலாவச் செல்லும் மகிழ்ச்சியில் பின்னங்கால்கள் படபடவென்று துடிக்கும். தீபாவளி வெடிச் சத்தத்திலோ கட்டிலுக்கடியில் புகுந்து, வாலை இடுக்கிக்கொண்டு நடுங்குவான். மேனாடுகளில் பந்தய ஓட்டம் முடிந்த கிரேஹவுண்டுகளைப் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் அப்பந்தயத்தை 2018ஆம் ஆண்டில் வாக்களித்துத் தடை செய்தனர்; 2020 இறுதியோடு அங்கே அது நின்றது. கொட்டடியில் வளர்ந்து, மாடிப்படியும் கண்ணாடிக் கதவும் அறியாத அந்நாய்கள் புதுவீட்டில் நடுங்குவது அவர்களுக்குப் பழகிய காட்சி. இடம் மாறிய உயிர்களின் நடுக்கம் எங்கும் ஒன்றுதான்.

இவ்வளவும் அறிந்துகொண்ட பெருமிதத்தில் இருந்தபோதுதான் நாம் தவறு செய்தோம்.

ஒரு தை மாதத்து நண்பகல். வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. வீரன் வெயிலில் படுத்தவாறே நடுங்கினான். “குளிர்தான்” என்று சொல்லி ஸ்வெட்டரை மாட்டினோம். தந்தையார் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது குளிர் நடுக்கம் இல்ல தம்பி” என்றார். நமக்கு அலுவலகத்தில் கோப்புகள் குவிந்திருந்த நேரம். கேட்டும் கேளாதவராய்ச் சென்றுவிட்டோம். மூன்றாம் நாள் அவன் கஞ்சியை முகர்ந்துவிட்டு விலகினான். அவசரத்தில் நம் அலமாரியிலிருந்த வலி மாத்திரை ஒன்றை எடுத்துப் பாலில் கரைக்கப் போனோம். தந்தையார் நம் கையைப் பற்றி நிறுத்தினார். “வாயில்லாச் சீவனுக்கு உன் மருந்து எதுக்கு? வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். மேல்தாடையின் கடைவாய்ப் பல் வேரில் சீழ் கட்டியிருந்தது. மாத்திரைக் கதையைச் சொன்னோம். “கொடுக்காம விட்டீங்களே சார், நல்லது. நமக்கு ஒத்துக்கிற வலி மாத்திரை பலதும் நாய்க்கு வயித்துல புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுத்துடும்” என்றார். மெலிந்த உடல்வாகு கொண்ட இந்த இனங்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிவதற்கு நெடுநேரமாகும் என்பதால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்து, மயக்கி, பல்லை எடுத்தார். நடுக்கத்துடன் உணவு வெறுத்தல், சோர்வு, நொண்டல், வாந்தி இவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் குளிர் என்று சொல்லிக் காத்திருக்கலாகாது என்றும் எச்சரித்தார். காய்ச்சல், நஞ்சு, நரம்பைத் தாக்கும் டிஸ்டம்பர் நோய் எல்லாமே நடுக்கமாக வெளிப்படலாமாம்.

வீடு திரும்பிய இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மூன்று நாள் வலியை ஓர் உயிர் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது; நாமோ அதன் மேல் ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டு அகன்றோம். கூடத்தில் விளக்கெரிந்தது. தந்தையார் விழித்திருந்து, மயக்கம் தெளியாத நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கை இலேசாக நடுங்கியது. சில மாதங்களாகவே அதைக் கண்டிருக்கிறோம். முதுமை என்றெண்ணி ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது.

“அப்பா, உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?” என்று கேட்டோம். பெங்களூர் வந்த பின் அவரிடம் நாம் இக்கேள்வியைக் கேட்டது அதுவே முதல் முறை.

நெடுநேரம் பேசாதிருந்தார். “வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. பேசத்தான் ஆளில்ல” என்றார்.

அந்த வாரமே அவரையும் மருத்துவரிடம் காட்டினோம். கை நடுக்கம் அஞ்சத்தக்கதன்று என்றார்கள். மற்றொரு குறைக்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை. ஞாயிறுதோறும் அவரை அல்சூர் ஏரிக்கரையிலுள்ள தமிழ்ச் சங்கத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே நூலகத்தில் அவருக்கு இரண்டு நண்பர்கள் வாய்த்திருக்கிறார்கள். ஒருவர் திருநெல்வேலிக்காரர், மற்றவர் பெங்களூரிலேயே பிறந்தவர். மூவரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மதியச் சோற்றை மறந்துவிடுகிறார்கள்.

வெளியூரில் வாழும் நம் இல்லங்களிலெல்லாம் வாய் திறந்து சொல்லாத ஓர் உயிர் இருக்கக்கூடும். அது நாயாக இருக்கலாம். ஊரிலிருந்து வந்த முதியவராக இருக்கலாம். புதுப்பள்ளியில் சேர்ந்த குழந்தையாகவும் இருக்கலாம். அவர்கள் நடுங்கினால் போர்வையைக் கொடுப்பது நல்லது. கொடுத்தபின் அருகில் அமர்ந்து காரணத்தைக் கேட்பது அதனினும் நல்லது.

ஞாயிறு பிற்பகலில் தெருமுனையில் தந்தையாரின் கைத்தடி ஓசை கேட்டதும் வீரன் இன்றும் நடுங்குகிறான். நாம் ஸ்வெட்டரைத் தேடுவதில்லை, கதவைத் திறந்துவிடுகிறோம்.