பை தூக்கியவன் பாடம் சொல்கிறான்



தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்குக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்த மைதானம் தெரிந்திருக்கும். சாலையோரத்திலேயே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானம். நம்மில் எத்தனை பேர் அதற்குள் கால் வைத்திருக்கிறோம்? வைத்தவர்களும் புல் வெட்டவோ, ஆடுபவர்களின் பையைத் தூக்கவோதான் போயிருப்பார்கள். அது பெரிய மனிதர்களின் ஆட்டம் என்று நாமே வேலி போட்டுக்கொண்டோம். அந்த வேலியை நானும் ஒரு பிள்ளைக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்த பையன் அவன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சனி, ஞாயிறுகளில் பை தூக்கப் போனான். பதினாறு வயதிருக்கும்போது கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "சார், நான் கோல்ப் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகப் போறேன்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "பை தூக்குறவனுக்கு யாருடா சர்டிபிகேட் தருவாங்க? ஒழுங்கா எஸ்.பி.எம். பாஸ் பண்ணுற வழியைப் பாரு" என்றேன். பக்கத்தில் நின்ற அவன் அம்மாவும், "சார் சொல்றதைக் கேளுடா" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

பத்து ஆண்டுகள் கழித்து, போன ஆண்டுக் கடைசி விடுமுறையில், என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கோப்பு. கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல ஆடக் கற்று, இப்போது பயிற்றுநர் சான்றிதழுக்குப் படிக்கிறானாம். "இங்கிலீஷ்ல எழுதணும் சார். கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றான். பழைய பேச்சை அவன் எடுக்கவே இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

அன்றிரவு அந்தத் தாள்களைப் புரட்டியபோது, எனக்கு ஒன்றும் தெரியாமலே சிரித்திருக்கிறேன் என்பது புரிந்தது. கோல்ப் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம் பிரிட்டனில் 1901-லும் அமெரிக்காவில் 1916-லும் அமைந்தது. பிரிட்டிஷ் சங்கத்தின் வழியில் பயிற்றுநராக விரும்புபவர், தேர்ந்த ஒருவரின் கீழ் வேலை செய்துகொண்டே சுமார் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆட்ட விதிகள், மட்டை பழுதுபார்ப்பது, உடலின் அசைவு, கடைக் கணக்கு, எல்லாமே பாடம்.

ஆடும் திறனுக்கும் தேர்வு உண்டு. கோல்ப்பில் குறைந்த அடிகளில் முடிப்பவரே கெட்டிக்காரர். அமெரிக்கச் சங்கம் நெடுங்காலம் வைத்திருந்த முறைப்படி 36 குழிகளை ஆட வேண்டும். மைதானத்தின் மதிப்பீடு 72 என்றால், அதன் இரு மடங்கோடு 15-ஐக் கூட்டி, 159 அடிகளுக்குள் முடித்தால் தேர்ச்சி. உலகப் புகழ் வாங்கும் ஆட்டம் ஆட வேண்டியதில்லை. நம்பகமான ஆட்டம் போதும். மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிகிறதா என்பதே பெரிய கேள்வி.

நன்றாக ஆடுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பை தூக்கும் வேலை பார்த்தவர் பாப்வா சிவகோலம் என்ற இந்தியர். வலக்கைக்காரர்கள் மட்டையில் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைப்பார்கள். அவர் தாமே கற்றவர். கைகளை மாற்றிப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959-இல் டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நிற்கவைத்துப் பரிசைக் கொடுத்தார்கள். அவர் ஆட்டத்துக்கு உலகம் கைதட்டியது; அந்தப் பிடியைப் பாடமாக வைப்பவர் அரிது.

சொல்லிக்கொடுப்பதைத் தாழ்வாகவும் எண்ண வேண்டாம். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் விஜய் சிங், 1980-களில் நம் நாட்டில்தான், சபாவின் கெனிங்காவிலும் சரவாக்கின் மிரியிலும், கிளப் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவரே 2000-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார்; 2004-இல் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனார்.

மறுநாள் பையனிடம், "எனக்குச் சொல்லிக்கொடு, பார்ப்போம்" என்றேன். மட்டை இல்லாததால் பள்ளித் திடலில் என் குடையைக் கையில் கொடுத்தான். நான் இறுக்கிப் பிடித்தேன். தப்பு என்று அவன் சொல்லவில்லை. என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், பறிச்ச கொழுந்தைக் கையில வச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்குங்க. கீழயும் விழக்கூடாது, நசுங்கவும் கூடாது" என்றான்.

என் கை தானாகவே தளர்ந்தது. நசுங்கிய கொழுந்து ஆலைக்குப் போகும் முன்பே கெட்டுவிடும் என்று நமக்குத் தெரியாதா? இருபது ஆண்டுக்கு மேல் வகுப்பில் நிற்கிற நான், நல்ல பாடம் எதுவென்று அந்த நிமிடத்தில் அவனிடம் கற்றேன். அந்தப் பாடம் அவன் அம்மாவின் கையிலிருந்து வந்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் இந்த வழியைக் கேட்டால் சிரித்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பணத்தையும் கட்டிவிடாதீர்கள். சில அமைப்புகள் ஒரு சில நாள் வகுப்பிலேயே சான்றிதழ் தருகின்றன. சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். வேலை தரும் கிளப்புகள் எந்தச் சான்றிதழை ஏற்கும் என்று முதலில் விசாரியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், பொதுவாக அமெச்சூர் ஆட்டக்காரர் என்ற தகுதி போய்விடும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் ஆட்டத் தேர்வில் முதல்முறை நான்கு அடிகள் கூடிப்போய்த் தவறிவிட்டான். சேமிப்பில் பாதி கரைந்துவிட்டது. மறுபடியும் எழுதப்போகிறான். புறப்படும்போது, "அன்னிக்கு நான் சிரிச்சது தப்புடா" என்றேன். "விடுங்க சார்" என்று சொல்லி, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறினான்.

அவன் அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பேருந்து மறையும்வரை என்னோடு நின்றவர், "சார், பாஸ் பண்ணிடுவானா?" என்று கேட்டார்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. "படிக்கட்டும்மா. நல்லாவே சொல்லிக்கொடுக்கிறான்" என்றேன்.